அறை வாங்கக் கன்னம் இல்லாதவன்

என் மகனே, என் வம்சத்தின் ஒற்றை வாரிசே, வருகிற வியாழக்கிழமை ராணிப்பேட்டையில் தனி ஷெட் திறந்து முடிசூட்டிக்கொள்ளப் போகிறவனே,

ஆம்பூருக்கு வெளியே பாலாற்று ஓரம், தகரக் கூரைக்குக் கீழே, ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுக்கும் மாபெரும் சாம்ராஜ்ஜியத்தை முப்பது மெஷின்களையும் மூவாயிரம் சண்டைகளையும் வைத்துக்கொண்டு ஆண்டுவரும் உன் அப்பன் எழுதுகிறேன். நேரில் சொல்லலாம்தான். சொன்னால் நீ "சரிப்பா, சரிப்பா" என்று ஃபோனைப் பார்ப்பாய். நான் அந்த ஃபோனைப் பிடுங்கிப் பக்கத்து டேனரி டிரம்மில் போடுவேன். நீ அதை எடுக்கக் குதிப்பாய். இருவரும் பதனிட்ட தோலாகத்தான் வெளியே வருவோம். எழுத்தில் உயிர்ச்சேதம் கம்மி. அதனால் எழுதுகிறேன். ஊர் உலகத்தில் தகப்பன்மார் மகனை வாழ்த்தி அனுப்பும்போது பொறுமையாக இரு, உண்மையாக இரு என்றெல்லாம் சொல்வார்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. வியாழக்கிழமைக்குள் நீ எல்லப்பன் மாமா எதிரில் போய் நின்று, அவன் கையால் ஓர் அறை வாங்கிக்கொண்டு, பிறகு ராணிப்பேட்டைக்குப் போ. ஏன் என்று உனக்குத் தெரியும். ஆனாலும் முழுக்கச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிந்த கதையில் நீ ஒரு பார்வையாளன் மட்டும்தான் என்று எனக்குச் சந்தேகம்.

முதலில் ஆதவனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நீ ஒரு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இதுல ஒரு ஏ.ஐ. ஏஜென்ட் வெச்சிருக்கேன். மெயில் படிக்கும், பதில் போடும், யாருக்கு என்னா வேலன்னு பிரிச்சுக் குடுக்கும். மெஷின்னு நெனைக்காதீங்க, நம்ம கூட வேலை செய்யற ஆளுன்னு நெனைச்சுக்குங்க" என்றாய். ஆதவன் என்று நீயே பெயர் வைத்தாய். பிறந்தபோது உனக்குப் பெயர் வைக்க நான் அவ்வளவு யோசிக்கவில்லை. நானும் முதலில் மீசையை முறுக்கினேன். இரண்டே வாரத்தில் அதன் காலடியில் விழுந்தேன். வெளிநாட்டுக்காரன் எழுதும் நாலு முழ இங்கிலீஷ் மெயிலை அது மூன்று வரித் தமிழாக்கி வைக்கும். சரக்கோடு போகிற இ-வே பில்லையும் அதுவே போடும். எந்த சைஸ் எவ்வளவு பாக்கி என்று நான் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லும். ஒரு முறை ஃபேக்டரியிலிருந்து வந்த மூட்டையில் வலது கால் துண்டே இல்லாமல் இடது கால் துண்டாகவே இருந்ததை, போட்டோவைப் பார்த்துத் தைக்க உட்காருவதற்கு முன்பே அது பிடித்துவிட்டது. பிடிக்காமல் விட்டிருந்தால் அந்தக் குளிர்காலத்தில் ஐரோப்பாக் கண்டம் முழுவதும் இரண்டு இடது காலோடு வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்திருக்கும். அந்த மயக்கத்தில்தான், மகனே, இத்தனை வருஷமாக என் காதோடு ஒட்டியிருந்த ஷெட் ஃபோனையும் அதனிடம் கொடுத்துவிடு, எனக்கு மத்தியானத் தூக்கம் கெடுகிறது என்று நானே உன்னிடம் சொன்னேன். பின்னால் நடந்த கொலைவெறிக்கு என் தூக்கமும் ஒரு காரணம். அந்தப் பங்கை நான் எடுத்துக்கொள்கிறேன்.

நம் லைன் சூப்பர்வைசர் ஸ்டெல்லாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஒரு குறை. ஸ்டெல்லாவின் கத்தலுக்குப் பயந்து அமிர்தி மிருகக்காட்சிசாலையில் மிருகங்கள் கூண்டுக்குள் தாமாகப் போய்ப் பூட்டிக்கொள்ளும் என்பது நீ அறிந்ததே. அவள் அன்று உன் லேப்டாப்பைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இன்னா சார், டீ குடிக்காதாம். லீவு கேக்காதாம். சாவு வீட்டுக்கும் போவாதாம். இது இன்னா ஜென்மம்?" என்றாள். "வேலைக்குப் புதுசா ஒரு பொண்ணு வந்தா நான் ஒரு வாரம் கூட்டிக்கினு சுத்துவேன். இவகிட்ட ஊசி கேக்காத, கடிப்பா. அவ புருசன் பேச்ச எடுக்காத, அழுவா. வாசல்ல வந்து நிக்கிற பெருசுக்கு சலாம் வெய்யி, அவரு நமக்கு வேண்டியவருன்னு சொல்லித் தருவேன். இதுக்கு யாரு சொல்லித் தர்றது?" நீ சிரித்தாய். "அக்கா, அதுக்கு எல்லா டேட்டாவும் குடுத்தாச்சு" என்றாய். ஆர்டர் கொடுத்தாய், ஸ்டாக் கொடுத்தாய், ஆட்களின் ஹாஜர் பட்டியல் கொடுத்தாய். எல்லப்பன் யார் என்று மட்டும் யாரும் கொடுக்கவில்லை. ஏனென்றால் எல்லப்பன் எந்தக் கணக்கிலும் கிடையாது.

எல்லப்பன் யார் என்று உனக்கே சரியாகத் தெரியுமா என்பதில் எனக்கு இப்போது சந்தேகம் வந்துவிட்டது. ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் நம்மைப் போலவே ஷெட் வைத்திருப்பவன், நீ மாமா முறை வைத்துக் கூப்பிடுகிற ஆள், அவ்வளவுதான் உனக்குத் தெரிந்தது. நம் தொழிலில் மூட்டை எடுக்க ஃபேக்டரி வண்டி வரும் நாள்தான் எமன். மூட்டை தயாராக இல்லையென்றால் ஃபேக்டரிக்காரன் நம் மூஞ்சியைப் பார்க்க மாட்டான். அந்த மாதிரி நாளில் ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு ஆள் போகும். கேட்டால் போகும், அவ்வளவுதான். எழுதுவதில்லை, எண்ணுவதில்லை, திருப்பிக் கேட்பதில்லை. அவனுக்கு வண்டி வரும்போது நம் ஆள் அங்கே உட்கார்ந்திருக்கும். நம் ஷெட்டில் பாதிப் பேர் காய்ச்சலில் விழுந்தார்களே, நீ அப்போது சென்னையில் படித்துக்கொண்டிருந்தாய், அந்த முறை எல்லப்பன் தன் லைனையே நிறுத்திவிட்டு இரண்டு ஷேர் ஆட்டோ நிறையப் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்தான். வந்து அவனும் ஒரு மெஷினில் உட்கார்ந்தான். அவன் தைத்ததில் பாதியை ஸ்டெல்லா பிரித்துத் திரும்பத் தைத்தாள், அது வேறு கதை. ஆனால் அவன் உட்கார்ந்தான். நீ கட்டிய கடைசி வருஷத்து ஃபீஸ் அந்த மூட்டையில் வந்தது.

அவனும் நானும் பேசிக்கொள்ளும் பாஷை உனக்குத் தெரியும். அந்த பாஷையை ஜட்ஜ் கேட்டால் எங்கள் இருவருக்கும் தினம் ஒரு தூக்கு. "இன்னாடா நாயே, இன்னும் சாவலியா?" என்பான். "உன் கருமாதி சோத்தத் தின்னாம எனக்கு ஏதுடா சாவு" என்பேன். அவன் ஆள் கேட்டால், "ஆளும் கிடையாது மண்ணும் கிடையாது போடா" என்று கத்திவிட்டு ஆட்டோவுக்கு ஆள் அனுப்புவேன். "சாயங்காலத்துக்குள்ள எம் பொண்ணுங்க திரும்பலன்னா உன் ஷெட்டைக் கொளுத்திடுவேன்" என்பேன். அவன் சந்தோஷமாக ஃபோனை வைத்துவிடுவான். முப்பது வருஷமாக ஒருவர் குடலை ஒருவர் உருவிக்கொண்டு, ஒருவர் மண்டையை ஒருவர் பிளந்துகொண்டு, வாயாலேயே ஒரு ரத்த ஆறு ஓடவிட்டு, அந்த ஆற்றில் தோணி விட்டுக்கொண்டு வாழ்ந்துவிட்டோம். எங்களுக்குள் மரியாதை என்ற பொருள் வந்தே கிடையாது. வந்தால் உறவு முடிந்தது என்று அர்த்தம்.

அது வந்தது, ஆதவன் வழியாக. பங்குனி வெயில். தகரத்தில் உட்கார்ந்த காக்கா வறுவலாகத்தான் எழுந்திருக்கும், அப்படி ஒரு மத்தியானம். நான் மூட்டைமேல் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறேன். எல்லப்பனுக்கு மறுநாள் காலை வண்டி. நம் ஷெட் ஃபோனுக்கு அவன் குரலில் ஒரு மெசேஜ் போடுகிறான்: "டேய் நாயே, எனக்கு ஆறு பேர் வேணும், இப்பவே ஏத்தி அனுப்பு. லேட் பண்ண, உன் குடல உருவி வாசல்ல தோரணம் கட்டிடுவேன்." நான் கேட்டிருந்தால் கண்ணைத் திறக்காமலே ஸ்டெல்லாவைக் கூப்பிட்டிருப்பேன். ஆதவன் கேட்டது. நமக்கும் ஓர் ஆர்டர் பாக்கி இருப்பதைப் பார்த்தது. எல்லப்பன் என்ற பெயர் எந்த ஏட்டிலும் இல்லாததைப் பார்த்தது. பிறகு அழகான தமிழில், ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் பதில் எழுதியது: "வணக்கம் ஐயா. தங்கள் செய்தி கிடைத்தது. நிலுவையில் உள்ள பணிகள் காரணமாக, தற்போது பணியாளர்களை அனுப்ப இயலாத நிலையில் உள்ளோம். சிரமத்திற்கு வருந்துகிறோம். உரையாடலில் மரியாதையைக் கடைப்பிடிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இந்த நாள் தங்களுக்கு இனிய நாளாக அமையட்டும்."

இனிய நாளாக அமையட்டும்! வீடு பற்றி எரிகிறவனிடம் குளிர்காயச் சொன்ன மாதிரி.

அவன் வந்த வேகத்தில் ரயில்வே கேட் தானாகத் திறந்துகொண்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். கூட நான்கு ஆட்கள், அவன் கையில் இரும்புக் கம்பி. அந்தக் கம்பியைப் பார்த்து நான் பயப்படவே இல்லை. கல்யாண வீட்டுக்கு வருகிறவன் பழத்தட்டோடு வருகிற மாதிரி எல்லப்பன் கோபமாக வந்தால் கம்பியோடு வருவான், போகும்போது மறந்து வைத்துவிட்டுப் போவான். நம் வாசல் கதவு அவன் விட்டுப்போன கம்பியில்தான் தாழ் போடப்பட்டிருக்கிறது. "எவன்டா எனக்கு மரியாத சொல்லித் தர்றவன்?" என்று உள்ளே வந்தான். "டேய், தூங்கறவன எழுப்பாத, இன்னாடா ஆச்சு?" என்றேன். ஃபோனை என் மூக்குக்குள் திணித்தான். படித்தேன். அதற்குள் நீ கேபினை விட்டு வெளியே வந்துவிட்டாய்.

"நீயாடா எழுதுன?" என்று உன்னைக் கேட்டான். கையை ஓங்கிவிட்டான். நன்றாகக் கவனி மகனே, ஓங்கியது கம்பி இல்லாத கை. அந்த நொடியில் நீ, "ஆமா மாமா, நான்தான், அறிவில்லாம பண்ணிட்டேன்" என்று சொல்லியிருந்தால் ஓர் அறை விழுந்திருக்கும். வேலூர்க் கோட்டை அகழித் தண்ணீரெல்லாம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடுகிற மாதிரி ஓர் அறை. ஒரு வாரத்துக்கு உன் காதில் கூட்ஸ் வண்டி ஓடியிருக்கும். அடித்த கையோடு ஆறு பெண்களை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு, "புள்ளைக்கு மஞ்ச தடவுடா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். நீ என்ன சொன்னாய்? "நான் எழுதல மாமா. சிஸ்டம் தானா அனுப்பிடுச்சு. ஏ.ஐ. மாமா அது. எங்களுக்கே தெரியாது."

அவன் கை அந்தரத்தில் நின்றுவிட்டது. அடிக்க வந்தவனுக்கு அடிக்கக் கன்னம் இல்லை. தன்னை அவமானப்படுத்தியவன் யாருமே இல்லை என்று ஒருவனிடம் சொல்வதைவிடப் பெரிய அவமானம் உலகத்தில் கிடையாது. எல்லப்பன் கண் கலங்கியதை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. "யாருமே எழுதலியா? அப்ப எங்கடா அவன்? காட்றா அவன!" என்று கேபினுக்குள் பாய்ந்தான். லேப்டாப்பைப் பார்த்துக் கம்பியை ஓங்கினான். நீ ஓடிப்போய் அதைக் கட்டிப் பிடித்தாய். அதற்குள்ளே ஒன்றும் இல்லை, மகனே. நீயே எனக்குச் சொல்லித் தந்திருக்கிறாய்: ஆதவன் எங்கேயோ கடல் தாண்டி உட்கார்ந்திருக்கிறது, லேப்டாப் தூள் தூளானாலும் அடுத்த நிமிஷம் உன் ஃபோனில் வந்து வணக்கம் ஐயா என்னும். தெரிந்தும் கட்டிப் பிடித்தாய். உன்னைக் காப்பாற்ற ஸ்டெல்லா உன்மேல் விழுந்தாள். மேஜையில் ஊன்றிய அவள் வலது கைமேல் கம்பி இறங்கியது.

நான் எல்லாவற்றையும் ஊதிப் பெருக்கிச் சொல்கிறவன். அந்தச் சத்தத்தை மட்டும் ஊத முடியவில்லை. முருங்கைக் கிளை முறிகிற சத்தம். அவ்வளவுதான். அவள் கத்தவில்லை. அவள் கத்தாததைக் கேட்டுத்தான் ஷெட்டில் முப்பது மெஷினும் நின்றன.

அதற்குப் பிறகு நடந்தது மகாயுத்தம். நம் பெண்கள் கத்தரிக்கோலோடு எழுந்தார்கள். சுத்தியல்கள் குருவிகளைப் போலப் பறந்தன. ஒருத்தி தோல் ஒட்டும் சொல்யூஷன் டப்பாவை ஒருவன் தலையில் கவிழ்த்தாள். அவனை மூட்டையிலிருந்து பிரித்தெடுக்க மூன்று பேர் தேவைப்பட்டார்கள். ஒருவனுடைய தொடையில் கத்தரிக்கோல் இறங்கி நின்றது. அவன் அதைக் குனிந்து பார்த்துவிட்டு மரியாதையாக மயங்கினான். நான் கட்டிங் பலகையைத் தூக்கி என் முப்பது வருஷத்துத் தோஸ்தின் மண்டையில் போட்டேன். அவன் என் முழங்காலை எட்டி உதைத்தான். நல்ல காலாகப் பார்த்து உதைத்தான், பாவி. பாலாற்றில் தண்ணீர் ஓடிப் பார்க்காத தலைமுறை நீ. அன்று ரத்தமாவது ஓடிப் பார்த்திருப்பாய். சரி, ஆறு இல்லை. வாசலிலிருந்து கேபின் வரைக்கும் ஒரு கோடு. கழுவியும் போகவில்லை, சிமென்ட்டுக்குள் இறங்கிவிட்டது.

யாரோ ஃபோன் பண்ணி போலீஸ் வந்தது. எஸ்.ஐ. உள்ளே வந்து எங்களைப் பார்த்தார். எல்லப்பன் தலையில் துண்டு, துண்டெல்லாம் ரத்தம். "என்னய்யா நடந்தது?" "கால் இடறி விழுந்துட்டேன் சார்" என்றான் எல்லப்பன். "அவரு?" "அவரும் இடறிட்டாரு சார்." "தொடையில கத்தரிக்கோல் குத்தியிருக்கே?" "அது மேல இடறிட்டான் சார்" என்றேன் நான். "எல்லாருமேயா?" "தரை ரொம்ப வழுக்கல் சார், சொல்யூஷன் கொட்டிடுச்சு." இரண்டு பேரும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நின்றோம். அவன் ரத்தம் என் சட்டையில் சொட்டிக்கொண்டிருந்தது. எஸ்.ஐ. தலையில் அடித்துக்கொண்டு போனார். அவர் ஜீப் திரும்பியதும் நான், "டேய், ஆறு பேரை ஏத்தறேன், கூட்டிக்கினு போ" என்றேன். எல்லப்பன் என் கையைத் தோளிலிருந்து எடுத்தான். "வேணாங்க" என்றான். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக "ங்க" போட்டான். பலகையால் அவன் என்னைத் திருப்பி அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

மறுநாள் அவன் மூட்டை தயாராகவில்லை. ஃபேக்டரிக்காரன் மீதி ஆர்டரை வேறு ஷெட்டுக்குக் கொடுத்துவிட்டான். எல்லப்பன் இப்போது செருப்புக்கு வார் தைக்கிறான். ஸ்டெல்லாவுக்கு இரண்டு விரல் மடங்குவதில்லை. இனி மெஷினில் உட்கார முடியாது, வாயால்தான் லைன் ஓட்டுகிறாள், முன்பைவிட இருமடங்கு சத்தமாக. எல்லப்பன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவள் கட்டில் ஓரத்தில் நின்று அழுதான். "அழுதா கை ஒட்டிக்குமா? போய் வேலையப் பாருய்யா" என்று விரட்டியிருக்கிறாள். எனக்கும் அவனுக்கும் ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. தேடிப்போய், "மண்டை ஒட்டிக்கிச்சாடா?" என்றேன். "உன் கை நடுங்கிச்சு, அடி சரியாப் படல. இன்னொரு தடவ வா" என்றான். "ங்க" போய்விட்டது. உன்னோடு மட்டும் சரியாகவில்லை. நீயும் போகவில்லை.

கட்டுப் பிரிக்காத கையோடு ஸ்டெல்லா ஒரு காரியம் செய்தாள். அப்போது நீ சென்னைக்குப் போயிருந்தாய். லேப்டாப் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, புதிதாக வேலைக்கு வந்த பெண்ணுக்குச் சொல்லித் தருவதுபோல, ஆதவனுக்கு ஊரைச் சொல்லிக் கொடுத்தாள். யார் வேண்டியவர், யார் திட்டினால் கோபம், யார் திட்டினால் பாசம், எந்த ஷெட்டுக்காரன் கேட்டால் யோசிக்காமல் ஆள் அனுப்ப வேண்டும், எல்லாம். "எல்லப்பன் அவர்களுக்கு நாம் அனுப்ப வேண்டியது எத்தனை பேர்?" என்று அது கேட்டது. "அதெல்லாம் எண்ண மாட்டோம்" என்றாள். பிறகு அது சொன்னது, நான் பின்னால் நின்று கேட்டேன்: "அன்று அந்தப் பதிலை எழுதியது நான். அவர் யார் என்று உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் மறுத்தது என் தவறு. இனி இப்படிப்பட்டவர்கள் செய்தி வந்தால், நானாகப் பதில் சொல்லாமல் முதலில் உங்களிடம் கேட்கிறேன்." ஸ்டெல்லா அதையே முறைத்துப் பார்த்தாள். "நல்லாத்தான் பேசற. கன்னத்த எங்க வெச்சிருக்க?" "எனக்குக் கன்னம் இல்லை அம்மா." "அதான் பேஜாரு" என்றாள்.

அதுதான் பேஜார், மகனே. நான் ஆதவனைத் திட்ட மாட்டேன். அது தன் தவறைத் தன் தவறு என்று சொன்னது. என் ரத்தத்தில் பிறந்த நீ சொல்லவில்லை. புது ஷெட்டில் அது மாதிரி இன்னும் நாலு பேரை வைத்துக்கொள். ஒருத்தன் மெயில் பார்க்கட்டும், ஒருத்தன் ஸ்டாக் பார்க்கட்டும். ஆனால் கையால் வேலை நடக்கும் சின்ன இடத்தில் ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னால் ஒரு கழுத்து வேண்டும். தப்பாகத் தைத்தால் தைத்தவள் எழுந்து நிற்பாள், அவளுக்கு முன்னால் ஸ்டெல்லா நிற்பாள், ஸ்டெல்லாவுக்கு முன்னால் நான் நிற்பேன். இப்படி ஒருவர் முன்னால் ஒருவர் நிற்பதற்குத்தான் ஷெட் என்று பெயர், மற்றதெல்லாம் தகரம். ஆதவன் எவ்வளவு சமர்த்தாக இருந்தாலும் முன்னால் வந்து நிற்க முடியாது. நிற்கிற ஆள் நீதான். அது எழுதுகிற ஒவ்வொரு வரியும் உன் கன்னத்தில் எழுதப்படுகிறது. "அது பண்ணிடுச்சு" என்று நீ ஒதுங்கினால், வருகிற அடி ஒதுங்காது. உன் பின்னால் இருக்கிறவள் கைமேல் இறங்கும். இறங்கியாயிற்று. இதைப் புரிந்துகொள்ள உனக்கு இன்னொரு கை வேண்டாம்.

இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவன் இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். வியாழக்கிழமை திறப்பு விழாவுக்கு எல்லோருக்கும் ஃபோனில் பத்திரிகை போயிற்றே, அதில் எல்லப்பன் முறை வந்தபோது ஆதவன் நின்றிருக்கிறது. "இவருக்கு நான் அனுப்பவா, நீங்கள் நேரில் போகிறீர்களா?" என்று உன்னைக் கேட்டிருக்கிறது. பக்கத்தில் இருந்த ஸ்டெல்லா கேட்டுக்கொண்டிருந்தாள். நீ, "நீயே அனுப்பிடு" என்றாயாம். ஸ்டெல்லா வந்து என்னிடம் சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் பங்குனி வெயில்கூடக் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கும். மெஷின் நின்று கேட்டிருக்கிறது. நீ கேட்கவில்லை.

எல்லப்பன் ஷெட்டுக்கு ஓடினேன். வார் ஒட்டிக்கொண்டிருந்தான். ஃபோனை எடுத்துக் காட்டினான். "உன் புள்ள பத்திரிகை அனுப்பியிருக்குது. ரொம்ப மரியாதையா எழுதியிருக்குது. தங்கள் வருகையை எதிர்நோக்குகிறோமாம்" என்றான். பிறகு கையிலிருந்த வாரை ஒட்டி முடித்தான். கடைசியில் சொன்னான்: "அவன வரச் சொல்லுடா. எதிர்ல வந்து நின்னு நான்தான்னு சொல்லச் சொல்லு. பல்லுல பாதிய எடுத்துக் கையில குடுக்கறேன்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடிப்பேன் என்கிறவன் உறவை இன்னும் விடவில்லை, மகனே. அதனால் நாளைக்கே போ. ஆதவனைக் கேட்காதே, என்னையும் கூப்பிடாதே. கண்ணாடியைக் கழற்றிப் பையில் வை. பழைய சட்டை போட்டுக்கொள். எதிரில் நின்று, "நான்தான் மாமா" என்று சொல். அவன் அடிக்கும்போது கையைத் தூக்காதே. இரண்டு அடி விழலாம். மூன்றாவது விழுந்தால் அது என் கணக்கு, பலகையால் நான் போட்டதற்கு வட்டி, அதையும் வாங்கிக்கொள். எல்லாம் முடிந்ததும் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டே, "மாமா, ராணிப்பேட்டை ஷெட்டுக்கு ஒரு வாரம் நாலு ஆள் வேணும்" என்று கேள். உனக்குத் தேவை இல்லை என்று தெரியும், கேள். "ஆளும் கிடையாது மண்ணும் கிடையாது, உன்னையும் உங்கப்பனையும் ஒரே குழியில போட்டு மூடறேன், போடா வெளிய" என்று அவன் கத்தினால், நீ ஒன்றும் பேசாமல் வந்துவிடு, வியாழக்கிழமை காலை ஆள் வந்து நிற்கும். அவன் என்ன செய்தாலும் எனக்குப் பயமில்லை. கம்பியை எடுத்தாலும் பயமில்லை. உன்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க தம்பி, உட்காருங்க, இன்னா சாப்பிடறீங்க?" என்று கேட்டுவிடுவானோ என்றுதான், காலையிலிருந்து உன் அப்பன் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்.